ஓடையில் இறங்கும் காலணி

கேரளத்தின் போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூடம் சிகரம் (1,868 மீட்டர்) ஏறும் வழியில் கரமனையாறு, அட்டையாறு (பெயரே எச்சரிக்கைதான்) போன்றவற்றைக் கடக்க வேண்டியிருப்பதால், நீர்புகாத பூட்ஸை நம்பிப் போனேன். கணுக்காலுக்கு மேல் ஏறிய நீர் உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றி, மாலைவரை ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்றது; முகாமில் காலுறையைக் கழற்றியபோது குதிகால் தோல் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நீரை உள்ளே விட்டாலும் விரைவில் வடித்துவிடும் வலைத்துணிக் காலணியே மேல் என்பது இப்போது என் கருத்து. ரப்பர் செருப்பை நீரோட்டம் பறித்துக்கொண்டு போய்விடும். குதிகால் வார் உள்ள சாண்டல் பரவாயில்லை, ஆனால் விரல்கள் பாறையில் இடிபடும். இறங்குமுன் முதுகுப்பையின் இடுப்புவாரைக் கழற்றிவிட்டால், தவறி விழுந்தாலும் பையை உடனே உதறிவிடலாம்; நீர் வரும் திசையைப் பார்த்தபடி கழியை ஊன்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். இரவுக்கென உலர்ந்த காலுறை ஒரு சோடி தனியே நீர்புகாத பைக்குள் இருக்கட்டும்.