நாய் படம் இல்லாத தட்டுகள்

வீட்டைத் திறந்து உள்ளே போனபோது தொலைக்காட்சி இருந்த இடத்தில் இருந்தது. பூஜை அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தது. அப்பாவின் கிராமபோனும் அதன் பித்தளைப் புனலும் மேசை மேல் அப்படியே இருந்தன. பின்கதவின் தாழ்ப்பாள் மட்டும் பெயர்ந்து தொங்கியது. எதுவும் போகவில்லை என்று தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் மர அலமாரியைத் திறந்தேன்.

ஏறக்குறைய 400 இசைத்தட்டுகளில் 62 இல்லை. கீழ்த்தட்டில் தகரப் பெட்டிகளில் இருந்த 9 ஸ்பூல் ஒலிநாடாக்களும் இல்லை.

அப்பா மலேசியாவின் பினாங்குத் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்து இறங்கியவர். கடைத்தெருவில் வாங்கியது பாதி, ஊருக்குத் திரும்பிப் போன குடும்பங்கள் விற்றுவிட்டுப் போனது பாதி என்று சேர்த்த தட்டுகள் அவை. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இருக்கும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஓர் ஆலாபனையை அடக்க வேண்டிய கட்டாயத்தில் பிறந்த சங்கீதம் அது. நாயன (நாதஸ்வர) மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை இன்றும் எவ்வளவோ பேர் கேட்கிறோம். அவர் காலத்தில் வாழ்ந்த இன்னும் எத்தனையோ நாயனக்காரர்கள் இரண்டு தட்டு, மூன்று தட்டு மட்டும் கொடுத்துவிட்டு மறைந்துபோனார்கள். அப்பா தேடித் தேடி வாங்கியது அவர்களைத்தான். சில தட்டுகளில் வித்துவானின் பெயர் தேய்ந்து, ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அலமாரி முன் உட்கார்ந்து, மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கிராமபோனுக்கு முன் உட்கார்ந்து கேட்கும் நாய் படம் போட்ட தட்டுகள் அத்தனையும் இருந்தன. நாய் படம் இல்லாதவை எல்லாம் போயிருந்தன. நாய் வருவதற்கு முந்திய காலத்து லேபிளில், இறகுப் பேனாவால் எழுதும் தேவதை இருக்கும். அந்தத் தட்டுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சங்கீதம் தெரியாதவனும் படத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். யாரோ அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதே எனக்கு உறைத்தது.

அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போனேன். மலாயில் இசைத்தட்டுக்கு ‘பிரிங் ஹித்தாம்’ என்று பெயர். ‘பழைய பிரிங் ஹித்தாம், 62’ என்று புகாரில் ஏறியது. அடுத்த கேள்வி மதிப்பு.

“விலை சொல்ல முடியாது, இன்ஸ்பெக்டர். இவை கடையில் கிடைப்பவை அல்ல.”

“புரிகிறது, புவான் (அம்மா). ஆனால் ஓர் எண் வேண்டும்.”

தட்டுக்கு 50 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று சொன்னேன். ஸ்பூலுக்கு என்ன சொல்வது? 1960களில் தண்ணீர்மலைக் கோயிலில் தைப்பூச நாட்களில் வாசித்த நாயனத்தையும் தவிலையும் அப்பா தம் கையால் பதிவு செய்தவை அவை. உலகத்தில் வேறு பிரதி கிடையாது. கடைசியில் வெற்று நாடாவின் விலையாக நினைத்து, ஒன்றுக்கு 10 வெள்ளி என்றேன். 3,100-ம் 90-ம் கூட்டி 3,190 வெள்ளி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த 90 என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் கைரேகை எடுக்க வந்தவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: அலமாரிக் கதவிலும் பெட்டிகளிலும் பொடி தூவுங்கள், தட்டுகளின் மேல் வேண்டாம். நுண்ணிய பொடி வரிப்பள்ளங்களில் இறங்கினால் ஊசி ஓடும்போது அரைத்துவிடும். அவர் பொறுமையாகக் கேட்டு அப்படியே செய்தார். இதே சூழலில் யாராவது மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் இதைக் கேளுங்கள்.

பட்டியல்தான் பெரிய வேலையாக இருந்தது. லேபிளுக்கு வெளியே, வழவழப்பான வளையத்தில், ஒவ்வொரு தட்டிலும் ஓர் எண் பொறித்திருக்கும். அப்பாவின் நோட்டில் அந்த எண்கள் எல்லாம் இருந்தன. அதைப் பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். விசாரணை அதிகாரி ஒரே கேள்வி கேட்டார்: “இதே எண்ணுள்ள தட்டு வேறு ஒருவரிடமும் இருக்கலாம் அல்லவா?” இருக்கலாம்தான். ஒரே அச்சில் வார்த்த எல்லாத் தட்டுக்கும் எண் ஒன்றே. தட்டு எது என்பதை எண் சொல்லும். யாருடையது என்பதைச் சொல்லாது. அதைச் சொன்னவை அப்பா ஓரத்தில் கிறுக்கியிருந்த குறிப்புகள். ‘விளிம்பில் அரை அங்குலம் உடைவு’, ‘இரண்டாம் பக்கம் நடுவில் ஊசி தாவும்’, ‘லேபிளில் வெற்றிலைக் கறை’. 62-ல் 40 தட்டுகளுக்கு இப்படி ஒரு காயமாவது எழுதி வைத்திருந்தார். இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மலாயில் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு நான்கு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நிலையத்தில் இருந்த தமிழ் சார்ஜன் ஒருவர்தான், “அக்கா, 107ஏ-யின் கீழ் எழுதிக் கொடுங்கள்” என்றார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்துவிட்டால் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பதில் வந்தது: விசாரணை தொடர்கிறது.

அந்தப் பதில் வந்த வாரமே, கோயிலில் தவில் வாசிக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். தீவில் காலை நேரத்தில் கூடும் ஒரு பழைய சாமான் சந்தை. தரையில் விரித்த நீலத் தார்ப்பாயில், சாய்த்து வைத்த தட்டுகள். முன்னால் இருந்த லேபிளில் இறகுப் பேனாவோடு தேவதை.

காசை எடுத்துக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. கேட்ட விலைக்கு வாங்கிவிட்டால் அன்று மாலையே வீட்டில் இருக்கும். சார்ஜன் தடுத்தார். நான் வாங்கினால் எஞ்சியவை கைமாறிவிடும், வழக்கும் கலைந்துவிடும் என்றார். அடுத்த சந்தை நாள் வரை மூன்று நாள் சரியாகத் தூக்கமில்லை. விசாரணை அதிகாரியோடு நானும் போனேன். தார்ப்பாயில் 47 தட்டுகளும் 8 ஸ்பூல்களும் இருந்தன. விற்பவர் ஒரு தட்டைத் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போனதும் ஸ்பிரிட் நெடி அடித்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். என் கண்முன்னே ஒரு வித்துவானின் மூன்று நிமிடம் அந்தத் துணியில் போய்க்கொண்டிருந்தது. “நிறுத்துங்கள்!” என்று நான் கத்தியதில் சந்தையே திரும்பிப் பார்த்தது.

தட்டுகளை அப்பாவின் குறிப்புகளை வைத்து அடையாளம் காட்டிவிட்டேன். ஸ்பூல் பெட்டிகளின் மேல் எண் மட்டுமே இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆகவே வீட்டில் திருடன் விட்டுப்போயிருந்த பழைய ஸ்பூல் இயந்திரத்தைத் தங்கையும் நானுமாகத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனோம். அந்தக் காலத்து அசிடேட் நாடா வயதானால் காடி நெடி வீசும், சற்று இழுத்தாலும் அறுந்துவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, முதல் ஸ்பூலை நானே மாட்டினேன்.

கரகரப்பு. பிறகு அப்பாவின் குரல். “தண்ணீர்மலை, தைப்பூசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு.” ஒரு இருமல். உடனே நாயனத்தின் ஊதுவாயான சீவாளியைச் சரிபார்க்கும் சின்னச் சின்ன ஒலிகள், அதற்குப் பின் ஷண்முகப்பிரியா ராகம். தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒரு நிமிடம் ஆனதும் இயந்திரத்தை நிறுத்தக் கையை நீட்டினேன். “இன்னும் கொஞ்சம் விடலாமா, புவான்?” என்றார் விசாரணை அதிகாரி. விட்டேன். பக்கத்து அறையிலிருந்து இருவர் வந்து வாசலில் நின்றார்கள்.

மீட்ட பொருள்கள் எல்லாம் வழக்குப் பொருள் ஆகின. நேரே வீட்டுக்கு வராது. அரக்குத் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் பாரத்திலும் வெப்பத்திலும் வளையும், அடித்தட்டு விரிசல் விடும். நிமிர்த்தி வைக்கும்படி கெஞ்சிக் கேட்டு, பிளாஸ்டிக் பெட்டிகளும் நானே வாங்கிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள், அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். விற்றவர் மீது தண்டனைச் சட்டம் 411-ம் பிரிவு, திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றம். குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வழக்கு நீளவில்லை. எங்கள் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க வந்த ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான், ‘நாய் படம் இல்லாததாகப் பார்த்து எடு’ என்று அவனிடம் சொல்லியனுப்பியது தான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார். கூரைக்காரன் இன்னும் பிடிபடவில்லை. நீதிமன்றத்தில் 3,190 வெள்ளி என்று வாசித்தபோது தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பொருள்களை ஒப்படைக்கும் உத்தரவு வந்து அவை வீடு சேரும்போது, புகார் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 47-ல் 3 விரிசல். ஸ்பிரிட் பட்ட தட்டு ஒரு பக்கம் முழுக்க இரைச்சல்தான், மறுபக்கம் பிழைத்தது. 8 ஸ்பூல்களையும் கணினியில் ஏற்றிவிட்டோம். கோயில் தவில்காரத் தம்பி ஒவ்வொரு மாலையும் வந்து, வாசிப்பது யார் என்று தம் ஆசானிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார்.

15 தட்டுகளும் ஒரு ஸ்பூலும் வரவில்லை. அந்த ஸ்பூல் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுப் பெரிய தகரப் பெட்டியில் இருக்கும். மூடியில் நீல மையில் 6 என்று தமிழ் எண்ணில், ‘௬’ என்று எழுதியிருக்கும். பினாங்கிலோ நிலப்பகுதியிலோ எங்காவது கண்ணில் பட்டால் வாங்கிவிடாதீர்கள், துடைக்காதீர்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். எங்கள் புகார் இன்னும் திறந்தே இருக்கிறது.