மூன்று நிமிடப் பேராளர்

தொழிற்சங்கக் கிளைகளின் பிரதிநிதிகள் கூடும் பேராளர் மாநாட்டுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்டார்கள்: "மாலை, துண்டு எல்லாம் போடுவாங்களா?" தமிழ்நாட்டுக் கட்சி மாநாடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய வீடு, கேள்வியில் தப்பில்லை. எனக்குத் துண்டு போடவில்லை, கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். எட்டு மணிக்குப் பதிவு, எட்டரைக்குள் இருக்கையில், ஒன்பதுக்குத் தலைவர் மேசையைத் தட்டுவார். சிங்கப்பூர்த் தொழிற்சங்க மாநாட்டில் யார் என்ன வேண்டுமானாலும் பேசலாம், தாமதமாக மட்டும் வரக்கூடாது.

துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. சங்கக் கிளைக் குழுவில் கொஞ்ச காலமாக இருக்கிறேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பேராளர் மாநாட்டுக்கு எங்கள் கிளையிலிருந்து வழக்கமாகப் போகிறவர் கிளைச் செயலாளர். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன்தான். இந்த முறை, "நீ முன்னால உட்காரு, நான் பார்வையாளரா பின்னால இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். பெருந்தன்மை பாதி, காலையில் எழுந்து துவாஸிலிருந்து மரினா வரை ரயில் ஏறச் சோம்பல் பாதி என்பது என் கணிப்பு.

போவதற்குக் காரணமாக ஒரு விஷயம் கையில் இருந்தது. எங்கள் பேக்கிங் பகுதியில் ஓர் அக்கா. மலேசியாவின் மூவாரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, பாதி ஆயுளை அந்தப் பெல்ட்டின் முன்னாலேயே நின்று கழித்தவர். 63 வயது நிறைந்ததும் மறுவேலைவாய்ப்பு ஒப்பந்தம் கொடுத்தார்கள். இங்கே 2022 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68. 2026 ஜூலை 1 முதல் அது 64, 69 என்று ஏறுகிறது. 2030க்குள் 65, 70 என்பது இலக்கு. உடல் தகுதியும் வேலைத் தரமும் சரியாக இருந்தால் முதலாளி மறுபடி வேலை தந்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒரு தொகை கொடுத்து அனுப்ப வேண்டும். அந்த அளவுக்குச் சட்டம் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் என்ன நிபந்தனையில் வேலை என்பதில் பேச்சுக்கு நிறைய இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் அக்கா மாட்டிக்கொண்டார்.

அதே வேலை, அதே பெல்ட், அதே ஷிஃப்ட். விடுப்பு மட்டும் ஆண்டுக்கு 21 நாளிலிருந்து 14க்கு இறங்கிவிட்டது. மனிதவளப் பிரிவில் கேட்டால், புது ஒப்பந்தத்துக்குப் புதுக் கணக்கு என்றார்கள். சட்டப்படி பிடி கிடைக்கவில்லை. அக்கா என்னிடம் சொன்னார்: "சம்பளத்துல அம்பது வெள்ளி குறைச்சிருந்தாக்கூட விட்டிருப்பேன் தம்பி. அந்த ஏழு நாளுதான் நான் மூவார் போயி அம்மாகூட இருக்கிற நாளு."

கிளைக் கூட்டத்தில் இதையே தீர்மானமாக எழுதினோம். நான் எழுதிய வரைவில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. மறுவேலைவாய்ப்பில் பழைய சேவைக்காலத்தைக் கணக்கில் எடுத்து விடுப்பைக் காக்க வேண்டும் என்பது ஒன்று. வயதானவர்களை அவர்கள் சம்மதமில்லாமல் வேறு பிரிவுக்கு மாற்றக்கூடாது என்பது இன்னொன்று. அண்ணன் இரண்டாவதை அடித்துவிட்டார். "1968ல போனது அது" என்றார். அந்த ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தைத் திருத்தியபோது பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் சேர்ப்பு, ஆட்குறைப்பு, வேலைநீக்கம், யாருக்கு என்ன வேலை என்ற ஒதுக்கீடு ஆகியவற்றைக் கூட்டுப் பேரத்திலிருந்து எடுத்து முதலாளி கையில் கொடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் படைத் தளங்கள் மூடப்படப் போகின்றன, பல்லாயிரம் பேருக்கு வேலை போகும், வெளிநாட்டு முதலீடு வந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் வந்த திருத்தம். அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. துவாஸில் ஓர் அக்கா எந்த பெல்ட்டில் நிற்பார் என்று நாங்கள் பேச முடியாததற்கு அதுதான் காரணம். விடுப்பைப் பற்றிப் பேசலாம். "பேச முடிஞ்சதைக் கெட்டியாப் பிடி" என்றார் அண்ணன்.

மாநாட்டுக்கு முன்பே தொகுப்பு தபாலில் வந்தது. கனம். பொதுச் செயலாளர் அறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, கிளைகள் அனுப்பிய தீர்மானங்கள். எங்கள் தீர்மானத்தைத் தேடினேன், காணோம். பல கிளைகள் மறுவேலைவாய்ப்பைப் பற்றி எழுதியிருந்ததால் எல்லாவற்றையும் சேர்த்து நிலைக்குழு ஒரே கூட்டுத் தீர்மானமாக்கியிருந்தது. மூத்த ஊழியர்களின் நலன், அனுபவத்துக்கு மதிப்பு, நியாயமான நிபந்தனைகள், திறன் மேம்பாடு என்று எல்லாம் இருந்தது. குற்றம் சொல்ல ஒரு வரி கிடையாது. அக்காவின் ஏழு நாள் மட்டும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. ஆறு கிளையின் குறையை அரைப் பக்கத்தில் அடைத்தால் கூர் மழுங்கத்தான் செய்யும். அதைத் திரும்பத் தீட்டத்தான் ஆள் அனுப்புகிறோம் என்பது அவர் வாதம். தீர்மானத்தை வழிமொழிந்து பேச என் பெயரைக் கொடுத்தார். மூன்று நிமிடம்.

அரங்கில் முதல் ஒரு மணி நேரம் வரவேற்பும் வாழ்த்தும். சிறப்பு விருந்தினர் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். என் பக்கத்தில் இருந்த சீன இளைஞர், அவரும் முதல் முறை வந்தவர், "இது சங்க மாநாடா, கட்சி மாநாடா?" என்று காதருகே கேட்டார். நியாயமான கேள்வி. 1961இல் சிங்கப்பூர்த் தொழிற்சங்கக் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது இன்றைய ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியோடு நின்ற பகுதிதான் என்டியுசி, இங்குள்ள சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. அதைக் கட்டி எழுப்பிய தேவன் நாயர் பிரிட்டிஷ் ஆட்சியில் சிறையிருந்தவர், பின்னாளில் நாட்டின் அதிபர். அதன் தலைமைச் செயலாளர்களில் பலர் அமைச்சர்களாகவும் இருந்தவர்கள். 1986 ஜனவரியில் ஹைட்ரில் என்ற அமெரிக்க நிறுவனத்தில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கொடுத்த அதன் தலைமைச் செயலாளர் ஓங் தெங் சியோங், அப்போது துணைப் பிரதமரும்கூட. அமைச்சரவைக்குக்கூடச் சொல்லவில்லை என்று பல ஆண்டுகள் கழித்து அவரே பேட்டியில் கூறினார். இரண்டு நாளில் விவகாரம் தீர்ந்தது. எங்கள் மூத்த உறுப்பினர்கள் இன்றும் அதை ரசித்துச் சொல்வார்கள்.

இந்த நெருக்கத்தைப் பற்றி என் எண்ணம் இதுதான்: தொலைபேசியை எடுத்தால் அமைச்சில் ஆள் கிடைக்கிறார், அது சின்ன விஷயமில்லை. அதற்கு விலையாக, சத்தம் போட வேண்டிய நேரத்திலும் நாங்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம். 1952இல் தபால்காரர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் சட்ட ஆலோசகராக வந்த இளம் வழக்கறிஞர், பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான லீ குவான் இயூ. தபால் பை தூக்கியவர்களின் போராட்டத்தில்தான் அவர் பெயர் ஊருக்குத் தெரிந்தது. அந்த வரலாறு மேடையில் அவ்வப்போது வரும், அதன் சூடு மட்டும் வராது. இளைஞரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "சங்க மாநாடுதான், கொஞ்சம் பொறு" என்று மட்டும் சொன்னேன்.

கணக்கு வாசிக்கும் நேரத்தில் பாதி அரங்கு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தது. ஓய்வுபெறும் வயதைத் தொட்ட ஒரு மலாய்க்காரர் மட்டும் எழுந்து, அச்சுச் செலவு ஏன் ஏறியது என்று கேட்டார். ஒவ்வொரு மாநாட்டிலும் அவர் இதே கேள்வியைக் கேட்பாராம். பொருளாளர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. உறுப்பினர் சந்தா எங்கே போகிறது என்று கேட்க ஒரு ஆளாவது வேண்டும்.

தேர்தல் அமைதியாக நடந்தது. சங்கப் பொறுப்பாளர்களை இரகசிய வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது தொழிற்சங்கச் சட்டம். பெரும்பாலான பதவிகளுக்குப் போட்டியில்லை. போட்டி இருந்த ஓர் இடத்துக்கு இரண்டு வேட்பாளர்களும் காலையிலிருந்து காபி வரிசையில் நின்று கை குலுக்கிக்கொண்டே இருந்தார்கள். வாக்குச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டபோது கண்காணிப்பாளர் என் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் தொழிற்சாலையில் சந்தா கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் போடும் சீட்டு அது என்பது அப்போதுதான் உறைத்தது.

மதியத்துக்குப் பிறகு தீர்மானங்கள். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் பலரும் தலைவர் அவர்களே, பொதுச் செயலாளர் அவர்களே, சகோதர சகோதரிகளே என்று தொடங்கி ஒரு நிமிடத்தைத் தொலைத்தார்கள். சிவப்பு எரிந்தபோது சாரத்துக்கு வந்திருந்தார்கள். என் காகிதத்தில் அந்த விளிப்பையெல்லாம் அண்ணன் முதல் நாளே பேனாவால் கோடு போட்டு அடித்திருந்தார். நேரே அக்காவின் கதையைத் தொடங்கினேன். பெயர் சொல்லவில்லை. பழைய ஒப்பந்தம், புது ஒப்பந்தம், 21, 14, மூவார். பிறகு, இந்தத் தீர்மானத்தில் "நியாயமான நிபந்தனைகள்" என்ற இடத்தில் எங்கள் கிளை சொல்ல வந்தது சேவைக்காலத்தைக் கணக்கில் எடுக்கும் விடுப்பு, அது குறிப்பில் ஏற வேண்டும் என்றேன். மஞ்சள் எரியும்போதே இறங்கிவிட்டேன். கைதட்டல் பெரிதாக ஒன்றுமில்லை. முன்வரிசையில் ஒரு மலாய் அம்மா மட்டும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

தீர்மானம் நிறைவேறியது. எல்லாமே நிறைவேறின, உண்மையைச் சொன்னால். எதிர்த்து உயர்ந்த அட்டை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இதைப் பார்த்து நாடகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டும் ஒட்டும் நிலைக்குழுவிலேயே முடிந்துவிடுகிறது. அரங்கில் செய்யக்கூடியது, பொதுவாகப் போய்விட்ட ஒன்றுக்குள் குறிப்பான ஒன்றைத் திரும்பச் செருகி அதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுவது. மறுநாள் முதலாளியோடு உட்காரும் எங்கள் சங்கத்தின் தொழிலுறவு அதிகாரிக்குத் தீர்மானத்தைவிட அந்தக் குறிப்பு உபயோகம்.

தேநீர் இடைவேளையில் கறிபப் வரிசையில் அந்த மலாய் அம்மா என்னைத் தேடி வந்தார். ஜூரோங்கில் வேறொரு தொழிற்சாலை, கிளைத் தலைவி. "உங்க அக்காவோட பிரச்சினை எங்களுக்கும் இருந்துச்சு, போன ஒப்பந்தத்துல தீர்த்துட்டோம்" என்றார். ஒரு கையில் கறிபப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கைப்பேசியில் தேடி, அவர்கள் கூட்டு ஒப்பந்தத்தின் அந்த ஒரு பக்கத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாலே வரி. மறுவேலைவாய்ப்புக்கு முந்தைய சேவைக்காலமும் வருடாந்தர விடுப்புக்குக் கணக்கிடப்படும். தொழில்துறை நடுவர் நீதிமன்றம் சான்றளித்த ஒப்பந்தம் அது. இன்னொரு முதலாளி ஏற்றுக் கையெழுத்திட்ட வரிகள். பேச்சுவார்த்தை மேசையில் "இது எங்கேயும் இல்லாத வழக்கம்" என்று எங்கள் நிறுவனம் இனிமேல் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பிசுக்கோடு கைகுலுக்கினோம்.

இந்தச் சங்கங்களில் இன்று பெண்கள் முன்னே நிற்பதும் கண்ணில் படுகிறது. என்டியுசியின் தலைவராக 2023இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம்மவர், சுகாதாரத் துறை ஊழியர் சங்கத்தின் கே. தனலெட்சுமி, அவருக்கு முன்பு இரண்டு தவணையாக அந்தப் பொறுப்பில் இருந்ததும் ஒரு பெண், மேரி லியூ. அரங்கில் கூர்மையான கேள்விகள் பாதிக்குமேல் பெண்களிடமிருந்தே வந்தன. ஆண்கள் நன்றி கூறுவதில் கெட்டிக்காரர்கள்.

கூட்டு ஒப்பந்தம் என்பது இங்கே இரண்டாண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். எங்களுடையது முடியும் தறுவாயில் இருந்தது. மாநாடு முடிந்த வாரமே அண்ணனும் நானும் கோரிக்கைப் பட்டியலில் அந்த நாலு வரியைச் சேர்த்தோம். அடுத்த மூன்றாண்டில் மறுவேலைவாய்ப்புக்கு வரப்போகிறவர்கள் யார் யார் என்று பிரிவு பிரிவாகப் போய்க் கேட்டு எழுதினேன். பிறந்த ஆண்டைச் சொல்லச் சிலருக்கு வெட்கம், சிலருக்குச் சந்தேகம். விஷயத்தைச் சொன்னதும் அவர்களே பக்கத்து மிஷினில் இருப்பவரைக் கூப்பிட்டார்கள். பட்டியல் நான் நினைத்ததைவிட நீண்டது.

முதல் சுற்றுப் பேச்சில் நிறுவனம் 18 நாளுக்கு வந்திருக்கிறது. மதிய உணவு நேரத்தில் அக்காவிடம் சொன்னேன்.

"பதினெட்டா? மிச்ச மூணு நாளை என்ன பண்ணப் போறாங்களாம்?"

"அடுத்த சுத்துல கேக்குறோம்க்கா."

"கேளு" என்றார், டப்பாவை மூடிக்கொண்டே. "நானும் வேணா வர்றேன்."

அதையும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் யோசிக்கிறார்.