மூன்றாண்டு ஊர்க்காரர்

வங்கி அதிகாரிகளுக்குக் கிராமப்புறப் பணி பெரும்பாலும் பதவி உயர்வுக்கான நிபந்தனையாகத்தான் வந்து சேர்கிறது. ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள இடம் கிராமம். அதற்கு மேல் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அரை நகரம். காவிரிப் பாசனப் பகுதியில் எனக்குக் கிடைத்த கிளை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பேருந்து நிலையமும் சார்பதிவாளர் அலுவலகமும் இருந்ததால் அந்த ஊர் தன்னை நகரமென்றே கருதிக்கொண்டது என்றாலும், அதன் வரவு செலவு முழுவதும் நெல்லை நம்பியே நடந்தது.

ஊரோடு ஒட்டிக்கொண்டால் வேலை எளிதாகிவிடும் என்று மூத்த அதிகாரிகள் சொல்லி அனுப்பினார்கள். அதில் பாதிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் மேலாளர் மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவர் தங்களில் ஒருவராக மாற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. யாருடைய ஆளாகவும் மாறிவிடாமல் இருக்கிறாரா என்பதைத்தான் கவனிக்கிறார்கள்.

அந்தக் கவனிப்பு வாடகை வீட்டிலிருந்தே தொடங்கியது. கிளையில் பெரிய கடன் வைத்திருந்த அரிசி ஆலை உரிமையாளர், தம்முடைய மாடி வீடு காலியாக இருப்பதாகவும் வாடகையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் மிகுந்த மரியாதையோடு சொன்னார். அதே மரியாதையோடு மறுத்துவிட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சிறிய வீட்டுக்குக் குடிபோனேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை; ஆனால் அந்த வாரத்திலேயே கிளைக்கு வந்த ஒரு பெரியவர், "வாத்தியார் வீட்ல தண்ணி நல்லாருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தது சொந்த ஊர் எது, அங்கே எந்தப் பக்கம், எந்தத் தெரு என்ற விசாரணை. கேட்பவர் அறிய விரும்புவது என் சாதியைத்தான் என்பது இருவருக்குமே தெரியும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, அவருடைய வயலில் என்ன நட்டிருக்கிறார் என்று கேட்பேன். பதில் கிடைக்காதவர்கள் தாமாகவே ஒன்றை ஊகித்துக்கொண்டார்கள். ஊகங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டது எனக்கு வசதியாகவே இருந்தது.

வெளியாளாக இருப்பதன் பயன் நகைக்கடன் பிரிவில்தான் முழுமையாகத் தெரியவந்தது. நடவுக் காலத்திலும் பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்திலும் பெண்கள் அதிகம் வருவார்கள். எங்கள் நகை மதிப்பீட்டாளர் உள்ளூர்ப் பொற்கொல்லர். நகையை உரைகல்லில் இழைத்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு துளி அமிலம் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது போக நிகர எடையைச் சொல்வார். அவருடைய உண்மையான திறமை அதற்கும் முன்னதாகவே தொடங்கிவிடும். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்த உடனே அது யாருடைய வீட்டு அட்டிகை, யார் கல்யாணத்துக்குச் செய்தது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவற்றில் பலவற்றைச் செய்தவரே அவரோ அவருடைய தந்தையோதான். ஒருமுறை ஒரு பெண் கையெழுத்திட்டுவிட்டு அவரைத் தவிர்த்து, என் மேசைக்கு வந்து, "எங்க கொழுந்தனாருக்குத் தெரியக்கூடாது சார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருடைய கொழுந்தனாரை எனக்குத் தெரியாது என்பதுதான் அந்த வேண்டுகோளுக்கு அடிப்படை. என்னிடம் சொன்னதன் மூலம் மதிப்பீட்டாளருக்கும் சேர்த்தே அவர் செய்தி அனுப்பினார் என்பது பிறகுதான் புரிந்தது. ஊரை முழுவதும் அறிந்த ஒருவரும் அறியாத ஒருவரும் அடுத்தடுத்து அமர்ந்திருந்ததால்தான் அந்தப் பிரிவு ஒழுங்காக நடந்தது. எங்களில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் ஒன்று போலி நகை வந்திருக்கும், இல்லையேல் ரகசியம் போயிருக்கும்.

ஊரின் காலக்கணக்கு வேறு. வங்கிக்கு மார்ச் 31இல் ஆண்டு முடிகிறது. அங்கே சம்பா அறுவடையாகி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறும்போதுதான் முடிகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. 2012 முதல் அந்தத் தேதி தொடர்ந்து தவறிவந்து, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2020இல்தான் உரிய நாளில் தண்ணீர் விடப்பட்டது. ஆகவே மே மாதத்தில் கிளைக்குள் நுழைபவர்களின் முதல் பேச்சு, "மேட்டூர் எத்தனை அடி?" என்பதாகவே இருக்கும். பயிர்க்கடனுக்குத் தவணை தேதி குறிக்கும்போது இதெல்லாம் கணக்கில் வரும். மூன்று லட்ச ரூபாய் வரையிலான உழவர் கடன் அட்டைக் கடனை உரிய நாளில் கட்டினால் வட்டி 7 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறையும். நெல் பணம் வருவதற்கு முன்பாகத் தேதியை வைத்துவிட்டால் அந்தச் சலுகை காகிதத்தோடு நின்றுவிடும்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது குத்தகை நிலங்களின் விவகாரம். நில உரிமையைக் காட்டும் சிட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழுபவர் வேறொருவர். கோயில் நிலங்களிலும் வெளியூர்வாசிகளின் நிலங்களிலும் வாய்மொழிக் குத்தகையே வழக்கம். குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கு 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் நில உரிமையாளரைப் பகைத்துக்கொண்டு பதிவுக்குப் போகப் பலரும் துணிவதில்லை. நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்பதைக் காட்டி கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் கையில் இல்லாமல் வங்கி பயிர்க்கடன் தராது. அடங்கல் இல்லாதவர் நகையை எடுத்துக்கொண்டு வருவார், நகையும் இல்லாதவர் கந்துவட்டிக்குப் போவார். ஒருவர் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்துச் சிலருக்குக் கடன் கொடுக்க முடிந்தது. அப்படி ஒரு குழுவைச் சேர்ப்பதற்கு யார் யாரோடு பேசுவார்கள், யார் வரப்புத் தகராறில் இருக்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அது எனக்கு ஓரளவு பிடிபட்டபோது இரண்டாம் சம்பாவும் முடிந்துவிட்டிருந்தது.

மாற்றல் விதியைக் குறைசொல்ல மாட்டேன். ஒரே நாற்காலியில் ஒருவர் நெடுங்காலம் இருந்தால் அரிசி ஆலை மாடிகள் நிறைந்துவிடும். ஆனால் அந்த விதி சுமத்தும் இழப்பைக் கோப்புகள் பதிவு செய்வதில்லை. அதனால் கடைசி ஆண்டில் கள ஆய்வு அறிக்கை ஒவ்வொன்றிலும், படிவம் கேட்காவிட்டாலும், உண்மையில் உழுபவரின் பெயரையும் எழுதிவைத்தேன். பொறுப்பை ஏற்க வந்தவர் அந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஊரில் நல்ல வீடு ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். ஆசிரியரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்.