பீச் – தாம்பரம் மீட்டர் கேஜில் கார்டு வேலை

கூட்ஸ் வண்டியில் கார்டாக, அதாவது கடைசிப் பெட்டியில் இருந்தபடி வண்டி கிளம்ப அனுமதி தருகிறவனாக, இருந்துவிட்டு மின்சார ரயிலுக்கு மாறியபோது எனக்கு முதலில் பிடிபடாதது நேரம்தான். கூட்ஸில் ஒரு சிக்னலுக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கலாம். சென்னை பீச் – தாம்பரம் தடத்திலோ 29 கிலோமீட்டருக்குள் 18 நிலையங்கள். அது மீட்டர் கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள பாதை. வண்டி கிளம்பி வேகம் எடுத்ததும் அடுத்த பிளாட்பாரம் வந்துவிடும்.

இப்படி அடுத்தடுத்து நின்று போக முடிந்ததற்குக் காரணம் மின்சாரம். நீராவி இன்ஜின் ஒவ்வொரு முறை நின்ற பிறகும் வேகம் பிடிக்க நேரமாகும். மின்மோட்டார் பொருத்திய மோட்டார் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1931 மே 11 அன்று இங்கே 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் வண்டி விட்டது. 1925இல் பம்பாய், அதற்கு அடுத்தது சென்னைதான். 1960களில் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தது, விழுப்புரம் வரைக்கும் நீண்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பெட்டிகள் ஓடின. நாட்டில் மீட்டர் கேஜுக்கு மின்கம்பி போட்டது இந்த ஒரு தடத்தில்தான்.

மீட்டர் கேஜ் என்றாலே ஏதோ மட்டம் என்பதுபோலப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. பெட்டி ஏறக்குறைய ஒன்பது அடி அகலம்தான். ஆனால் அதில் ஏறியவர்களைப் பாருங்கள். பாரிமுனை ஆபீஸ்களுக்குப் போகும் சீசன் டிக்கெட்காரர்கள், பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் ஆலைகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள், தாம்பரம் சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரருக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோகிறவர்கள், வெண்டர் பெட்டியில் பூக்கூடையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள். கிண்டிக்குத் தெற்கே மனை வாங்கி வீடு கட்டத் துணிந்தவர்கள் இந்த வண்டியை நம்பித்தான் துணிந்தார்கள். தென்சென்னைப் புறநகரை வளர்த்தது இந்தச் சின்ன வண்டி என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கார்டுக்கும் வண்டியை ஓட்டும் மோட்டார்மேனுக்கும் நடுவே பேச்சு கிடையாது, மணிதான். ஒரு அடி என்றால் நில், இரண்டு அடி என்றால் கிளம்பு. அவர் திருப்பி இரண்டு அடித்த பிறகே வண்டி நகரும். அந்த இரண்டு அடியை எப்போது கொடுப்பது என்பதில்தான் என் வேலை முழுவதும் இருந்தது. சாயங்காலம் ஆறரை மணி மாம்பலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரங்கநாதன் தெருவிலிருந்து வந்த கூட்டம் துணிப்பைகளோடு படியிறங்கிக்கொண்டே இருக்கும். வாசலில் தொங்குகிறவர்கள் உள்ளே நகர மாட்டார்கள். குழந்தையை ஏற்றிவிட்டுத் தாய் இன்னும் கீழே நிற்பார். அட்டவணைப்படி கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, பின்னால் அடுத்த வண்டி வேறு. விரல் பித்தானிலேயே இருக்கும், கண் அந்தத் தாயின் கால்மேல் இருக்கும். இரண்டு காலும் பெட்டிக்குள் போனால்தான் மணி. அந்தச் சில நொடிகள் தாமதம் என்று யார் எழுதினாலும் எழுதட்டும் என்றுதான் நான் இருந்தேன்.

அப்புறம் பக்கத்திலேயே அகலப் பாதை வந்தது. கொஞ்ச காலம் இரண்டும் அருகருகே ஓடின. பன்னிரண்டு அடி அகலப் பெட்டியைப் பார்த்த பிறகு, சின்ன வண்டியில் மூச்சுத் திணற நின்றவர்கள் அதையே தேடிப் போனார்கள். அதில் நியாயம் இருந்தது. கூட்டம் மீட்டர் கேஜ் தாங்கும் அளவை எப்போதோ தாண்டியிருந்தது. 2004 ஜூலை 1 அன்று கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி ஓடியது.

அகலப் பாதையில் முதலில் ஒன்பது பெட்டி, பிறகு பன்னிரண்டு. அதற்காகப் பிளாட்பாரங்களை நீட்டினார்கள். ஆனால் சேத்துப்பட்டு, கோடம்பாக்கம், சைதாப்பேட்டை போன்ற நிலையங்கள் சின்ன வண்டி நின்ற அதே இடங்களில்தான் இருக்கின்றன, இன்றைய அட்டவணையையும் அந்த இடைவெளிகளுக்குத் தகுந்தபடியே போடுகிறார்கள்.