மிச்சக் கோட்டிங்கை வைத்து கேக் பாப்புக்கு நிறமும் அலங்காரமும்

கேக் தூளைப் பிசைந்து உருட்டி, குச்சியில் குத்தி, உருக்கிய கோட்டிங்கில் முக்கி எடுப்பதுதான் கேக் பாப். 30 கிராம் உருண்டையாகப் பிடித்த 40 கேக் பாப்புக்குச் செலவாகும் கோட்டிங் ஏறக்குறைய 450 கிராம். ஆனாலும் 600 கிராம் உருக்கித்தான் ஆக வேண்டும். கடைசி உருண்டையும் முழுதாக முங்கும் அளவுக்கு டம்ளரில் ஆழம் வேண்டுமே! அதனால் 150 கிராம் மிஞ்சுவது கணக்குப் பிசகல்ல. அலங்காரத்துக்கான சரக்கே அதுதான். ஒரு பாப்பின் மேல் கோடு இழுக்க 2, 3 கிராம் போதும். மிச்சத்தை மூன்று பங்காக்கினால் மூன்று நிறம்.

இங்கே சொல்வதெல்லாம் ஒயிட் காம்பவுண்டுக்கு, அதாவது கோகோ பட்டருக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்த வெள்ளைச் சாக்லேட் கட்டிக்கு. கோகோ பட்டர் சேர்ந்த அசல் ஒயிட் சாக்லேட்டுக்கு டெம்பரிங் (அளவான சூட்டில் உருக்கி ஆற்றிப் பதப்படுத்துவது) வேண்டும், அதன் வழி வேறு.

முதல் வேலை வடிகட்டுவது. முக்கும்போது உருண்டையிலிருந்து தூள் உதிர்ந்து கோட்டிங்கில் கலந்திருக்கும். அப்படியே பைப்பிங் பேகில் (நுனித் துளை வழியே பிழியும் பை) போட்டால் 1 மில்லிமீட்டர் துளை இரண்டாவது பாப்பிலேயே அடைத்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே ஈரமில்லாத டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்துவிடுங்கள். இறுகிப்போயிருந்தால் மைக்ரோவேவில் பாதி பவரில் 30 விநாடி, கிளறல், மறுபடி 20 விநாடி. 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் போதும். கட்டி முழுக்கக் கரையும்வரை சூடேற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. முக்கால்வாசி உருகியதும் வெளியே எடுத்துக் கிளறினால் மீதி அந்தச் சூட்டிலேயே கரையும். மீறிச் சூடானால் கோட்டிங் கெட்டியாகித் திரிதிரியாகிவிடும்.

மைக்ரோவேவ் இல்லாதவர்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைப்பார்கள். கிண்ணம் பாத்திரத்தைவிட அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆவி உள்ளே போகும். கிண்ணத்தைத் தூக்கியதும் அடியைத் துடையுங்கள். கோட்டிங்கில் இருப்பது கொழுப்பும் அதில் மிதக்கும் சர்க்கரைத் துகளும். நாலு சொட்டு நீர் பட்டாலே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எல்லாம் களிபோல இறுகிவிடும். எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் பழைய வழவழப்பு வராது. அதைத் தூக்கிப் போடாமல் சூடான கிரீம் சேர்த்துக் கரைத்து, அடுத்த முறை கேக் தூளைப் பிசையும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

நிறம் சேர்க்கும்போது நடக்கும் விபத்துக்கும் இதே காரணம்தான். ஐசிங்குக்கு வாங்கிய ஜெல் கலரில் தண்ணீர் இருக்கிறது; கிரீமில் அழகாகக் கலக்கும், கோட்டிங்கைக் கெடுத்துவிடும். சாக்லேட்டுக்கென்றே விற்கும் எண்ணெய்க் கலர், அல்லது கொழுப்பில் பரவும் லேக் வகைப் பொடிக் கலர் வேண்டும். பொடியை நேராகத் தூவினால் புள்ளி புள்ளியாக நிற்கும். 50 கிராம் கோட்டிங்குக்குக் கால் டீஸ்பூன் மணமில்லாத ரீஃபைன்டு தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகைப் பொடியைக் குழைத்து, பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் எண்ணெய் போனால் நம் வெயிலுக்குக் கோடு இறுகாது, தொட்டால் கையோடு வரும். சற்று வெளிறித் தெரியும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். வைக்க வைக்க நிறம் கூடும்.

பொட்டலத்தில் தளர்வாகக் கட்டித் தரும் ரோஸ் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமின்-பி என்ற சாயத்தால்தான். மினுமினுப்புப் பொடியிலும் 'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருந்தால் போதாது. உண்ணத்தக்கது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

ஒயிட் காம்பவுண்ட் உண்மையில் வெள்ளையல்ல, தந்த நிறம். அந்த மஞ்சளோடு சேர்ந்து நீலம் பச்சையடிக்கும். குச்சி நுனியில் ஊதா தொட்டால் சரியாகும். ரோஸ் மிச்சத்தில் மஞ்சள் மிச்சம் சேர்ந்தால் அருமையான பீச் நிறம். சிவப்புக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள்: எவ்வளவு கொட்டினாலும் அடர் ரோஸில் நிற்கும், நாக்கில் கசக்கும். சிவப்புக் காம்பவுண்டாகவே வாங்குவது மேல். கறுப்பு வேண்டுமானால் டார்க் காம்பவுண்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே கிண்ணத்தில் வேலையை முடிக்க மஞ்சள், பீச், பச்சை என்று வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போகலாம். கழுவ வேண்டாம், கழுவினால் ஈரம்.

கோடு இழுக்கும் முன் அடிக் கோட்டிங் முழுக்க இறுக வேண்டும். பத்து நிமிடம் கொடுங்கள். பேகில் இருப்பது வெதுவெதுப்பாக, 35 டிகிரி அளவில் இருக்கட்டும். சூடாக இருந்தால் அடியையும் உருக்கிக் குழப்பிவிடும். பாப்புக்கு வெளியே, பட்டர் ஷீட்டின் மேல் கையை ஓடவிட்டு, அதே வேகத்தில் பாப்பைத் தாண்டிப் போங்கள். பாப்பின் மேலேயே தொடங்கினால் முதல் சொட்டு குண்டாக விழும். ஷீட்டில் சிந்தியது வீணில்லை, இறுகியதும் உரித்து மறுபடி உருக்கலாம். காது, கண், பூவிதழ் வேண்டுமானால் அதே ஷீட்டில் பிழிந்து இறுகவிட்டு, ஒரு சொட்டுக் கோட்டிங்கால் ஒட்டுங்கள்.

ஸ்பிரிங்கிள்ஸ் (மேலே தூவும் வண்ணச் சர்க்கரைத் துணுக்கு) தூவ, முக்கி எடுத்ததிலிருந்து அவகாசம் அரை நிமிடம்தான். குளிர்ந்த உருண்டையில் கோட்டிங் சட்டென்று இறுகும், பிறகு தூவினால் உருண்டு ஓடும். தூவியது வழுக்கி இறங்கினால் கோட்டிங் நீர்த்துவிட்டது அல்லது சூடு அதிகம்.

அலங்காரம் முடிந்தபின் வரும் விரிசல் வேறு ரகம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் முக்கினால், உள்ளே உருண்டை சூடேறி விரிய, வெளியே கோட்டிங் சுருங்கி இறுக, நடுவில் கீறல் விழும். வெளியே பத்து நிமிடம் வைத்துவிட்டு முக்குங்கள். விழுந்த கீறலை மறைக்கவும் இந்தக் கோடுகள்தான் உதவும். எங்கள் நெருக்கமான குறுக்குக் கோடுகளில் பாதி அப்படி வந்தவை.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சினால் பட்டர் ஷீட்டில் மெல்லியதாகப் பரப்பி, இறுகியதும் உடைத்து, தேதி எழுதிய காற்றுப் புகாத டப்பாவில் வெயில் படாமல் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். கேக் தூள் பட்ட மிச்சத்தை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மறுமுறை முக்குவதற்கு எடுத்தால் பாதிக்குப் பாதி புதுக் காம்பவுண்ட் சேருங்கள்; மூன்று முறை உருகியது தனியாக நின்றால் கூழாகத்தான் வழியும்.