வீட்டில் கடைசி நாட்கள்: ஒரு குடும்ப மருத்துவக் கிளினிக்கின் நாட்குறிப்பு

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. கடும் வலிக்கான ஃபென்டனில் மருந்துப் பேட்ச் ஒட்டியிருப்பவர்கள் வீட்டில் இந்த மாதம் தவறாமல் சொல்ல வேண்டியது: சூடு ஏறினால் மருந்து தோல் வழியே வேகமாக இறங்கும். காய்ச்சலிலும் அப்படித்தான். வெந்நீர்ப் பையைப் பேட்ச் மேல் வைத்தால் இன்னும் ஆபத்து. ஆள் அரைமயக்கத்தில் கிடப்பார், வீட்டில் வெயில் அசதி என்று விட்டுவிடுவார்கள். வியர்வையில் ஓரம் பெயர்ந்தால் நேர்மாறு, வலி திரும்பிவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒட்டியபின் உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்தினால் நிற்கும். 72 மணி நேரத்துக்கு ஒன்று. மாற்ற வேண்டிய நாளை நாட்காட்டித் தாளில் முன்கூட்டியே வட்டமிட்டு வைப்பது நல்லது.

மே 9

"மார்ஃபின் கொடுத்தா அவ்வளவுதானா டாக்டர்?" இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு, அளவை எழுதிக் காட்டுவதே சரியான பதில்.

10 மி.கி. மாத்திரையில் பாதி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, 10, பகல் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் முழு மாத்திரை; அப்படிக் கொடுத்தால் விடியற்காலை 2 மணிக்கு யாரும் எழ வேண்டாம். ஆக நாளுக்கு 30 மி.கி. இடையில் வலி பீறிட்டால் அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு அரை மாத்திரை. அதற்காக அடுத்த வேளையை விடக் கூடாது. மூன்று தடவை அப்படிக் கொடுக்க நேர்ந்தால் மறுநாள் மொத்தம் 45 மி.கி., வேளைக்கு முக்கால் மாத்திரை, இரவில் ஒன்றரை.

"வலிச்சா மட்டும் போடுங்க" என்று சீட்டில் எழுதுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. வலி ஏறி உச்சிக்குப் போனபின் அதே மாத்திரை பிடிக்காது.

நெடுநாள் சர்க்கரைக்காரர் என்றால் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்க்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தேங்கும். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், பிதற்றல் வரும். அவர்களுக்கு 2.5 மி.கி., 6 அல்லது 8 மணி நேர இடைவெளியில்.

மே 10

நேற்று எழுதாமல் விட்டது மலச்சிக்கல். மார்ஃபினால் வரும் குமட்டல் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. முதல் நாளே மலமிளக்கி மாத்திரை பிசகோடில் 10 மி.கி. இரவில். ஈசப்கோல் வேண்டாம், தண்ணீர் குடிக்க முடியாதவர் குடலில் அது கட்டியாகும். படுத்த படுக்கையானவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போனால் பேதியை நிறுத்தும் மாத்திரைக்கு ஓடாமல் ஆசனவாயில் விரல் விட்டுப் பாருங்கள். கெட்டி மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கும்.

மே 14

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்." கடைசி வாரத்தில் தெம்பு வராது. கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். வறண்ட வாய்தான் அவர்களை வாட்டுகிறது. மணிக்கொரு முறை பஞ்சால் ஈரப்படுத்தி உதட்டில் வாசலின் தடவுவது ட்ரிப்பைவிட ஆறுதல். முந்தைய வாரங்களில் உண்மையாகவே நீர் வற்றினால் தோலுக்கடியில் சலைன் (உப்பு நீர்) ஏற்றலாம்: வயிற்றிலோ தொடையிலோ பட்டர்ஃபிளை என்ற சிறிய இறக்கை ஊசி, 500 மி.லி. மெதுவாக. நரம்பு தேடிக் குத்திக் குத்திக் கை கன்ற வேண்டாம்.

மே 17

ஐ.சி.யூ.வுக்கு அள்ளிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் ராத்திரியில். என்ன வரும் என்று பகலிலேயே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திருவல்லிக்கேணிச் சந்தில் மூன்றாம் மாடியிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்குள் பாதி மூச்சு போய்விடும்.

சொல்ல வேண்டியவை இவை. மூச்சு விட்டு விட்டு வரும், இடையில் அரை நிமிடம்கூட நிற்கும். முழங்காலில் கருநீலத் திட்டு படரும், பாதம் சில்லிடும். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கும். பார்ப்பவருக்குத்தான் அது வேதனை. பெரும்பாலும் அவர் அதை உணர்வதில்லை. உறிஞ்சு குழாயை உள்ளே விடாமல் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். சளி சுரப்பதைக் குறைக்கும் ஹயோசின் பியூட்டில்புரோமைடு 20 மி.கி. தோலுக்கடியில் போடலாம், ஆனால் தொடக்கத்திலேயே. சேர்ந்துவிட்ட சளியை அது வற்ற வைக்காது.

படுக்கையைப் பிறாண்டித் தவித்தால் மயக்க ஊசிக்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் ஒரு கதீட்டர் (மூத்திரக் குழாய்) போதும்.

விழுங்க முடியாதபோது மார்ஃபினை நிறுத்தக் கூடாது. வாய்வழி அளவில் பாதியைத் தோலுக்கடியில் தொடர வேண்டும்.

மே 19

பால் ஊற்றுவது பற்றி. தடுக்கக் கூடாது, தடுக்கவும் தேவையில்லை. சங்கில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்த் திணறும். பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டிலும் நாக்கு நுனியிலும் ஒற்றினால் போதும். பேரன் பேத்தி வரை ஒவ்வொருவரும் செய்யலாம். துளசித் தீர்த்தமும் அப்படியே.

மே 21

நோயில் எதிர்பார்த்த மரணத்துக்குப் போலீஸ் தேவையில்லை. கடைசி நோயில் பார்த்த டாக்டர் மரணக் காரணச் சான்று தர வேண்டும். வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ. காரணம் என்ற இடத்தில் "இதயம் நின்றது" என்று எழுதாதீர்கள், எல்லோருக்கும் கடைசியில் அது நிற்கும். நுரையீரல் புற்றுநோய் என்றால் அதையே எழுதுங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும், ஓர் எழுத்து மாறினால் பென்ஷனுக்கும் எல்.ஐ.சி.க்கும் பிள்ளைகள் மாதக்கணக்கில் அலைவார்கள். பதிவுக்கு 21 நாள். மீந்த மார்ஃபினை எண்ணி, வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.