கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்

2021 மே. வாப்பாவுக்குக் கொரோனா. கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஐசியு, வென்டிலேட்டர், அங்கிருந்து மதுரை. பெட் தேடியது, ஆம்புலன்ஸ் பிடித்தது எல்லாம் அப்போது ஊரே பட்ட பாடுதான். நான் சொல்ல வந்தது கல்ச்சர் ரிப்போர்ட் என்ற ஒரே ஒரு தாளுக்காக அலைந்த கதை. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று லேபில் வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர்.

மதுரையில் கொரோனா அடங்கி வந்த நேரத்தில் காய்ச்சல் மறுபடி ஏறியது, பிபி இறங்கியது. டாக்டர் முதலில் கேட்டது, "முன்னாடி இருந்த இடத்துல கல்ச்சர் எடுத்தாங்களா?" எடுத்தார்கள். டியூப் வழியாகச் சளி எடுத்து லேபுக்கு அனுப்பிய பில் என் கையில் இருந்தது. ரிப்போர்ட் மட்டும் நாங்கள் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. புதிதாக எடுத்தால் கிருமி வளர்ந்து, எந்த மருந்து கேட்கும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை குத்துமதிப்பாக மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் "நேர்ல வாங்க". மாவட்டம் தாண்ட இ-பதிவு போட்டு, மச்சானோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து நின்றால், ரெக்கார்டு பிரிவில் இருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பேஷன்ட் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்."

"பேஷன்ட் வென்டிலேட்டர்ல இருக்கார் சார்."

"அப்ப அங்க பாக்குற டாக்டர்ட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க."

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே! வெறுங்கையோடு மதுரை.

அங்கே ஒரு டூட்டி நர்ஸம்மாதான் வழி சொன்னார். 2002 மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதிப்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிய அனுமதி பெற்றவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். டாக்டர் லெட்டரோடு, அந்த விதியைக் குறிப்பிட்டு நானும் ஒரு மனு எழுதி, இரண்டு பிரதி எடுத்துப் போனேன். "ஒண்ணுல பெற்றுக்கொண்டேன்னு தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன். கையெழுத்து விழவில்லை; பிரிண்டர் ஓடியது. அத்தனை நாளும் அவர் கம்ப்யூட்டரில்தான் கிடந்திருக்கிறது. வாசலிலேயே போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.

ரிப்போர்ட்டில் இருந்த கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா நிமோனியே. மருந்துப் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை 'ஆர்', அதாவது கேட்காது. மெரோபெனத்துக்கும் அதேதான். கொலிஸ்டின் என்ற மருந்துக்கு நேரே மட்டும் 'ஐ', அதாவது இடைநிலை. கேட்கும் என்று சொல்லும் 'எஸ்' ஒன்று கூட இல்லையே என்று வயிறு கலங்கிவிட்டது. அமெரிக்க ஆய்வகத் தரநிலையில் 2020 முதல் கொலிஸ்டினுக்கு 'எஸ்' என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள், அதனால் 'ஐ'க்கு மேல் வராது என்று டாக்டர் பிறகு விளக்கினார். உங்களுக்கு அப்படி வந்தால் பதறாதீர்கள்.

தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் மச்சானுக்குக் கொலிஸ்டின் என்ற பெயர் ஏற்கனவே தெரிந்திருந்தது. "கோழிக்கும் இறாலுக்கும் போடக்கூடாதுன்னு 2019ல தடை போட்டாங்களே, அதுவா?" அதுவேதான். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய மருந்து, வேறு எதுவும் கேட்காதபோது இப்போது கடைசிக் கையிருப்பு. வாங்கும்போது மருந்துக் குப்பியில் எத்தனை மில்லியன் யூனிட் என்று டாக்டர் சீட்டோடு ஒத்துப் பாருங்கள், பல அளவில் வருகிறது. சிறுநீரகம் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் தினம் என்ன அளவு என்று கேளுங்கள். வாப்பாவுக்கு ஏறத்தான் செய்தது. டோஸைக் குறைத்த பிறகு இறங்கியது.

ஆஸ்பத்திரியில் இந்தக் கிருமி தொற்றியதற்கு நர்ஸ்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு, தொண்டையில் குழாய், ஒரே கவச உடையோடு பல பெட்களைப் பார்க்கும் இரண்டு பேர். கிருமிக்கு வேறென்ன வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) 2020இல் 10 மருத்துவமனைகளில் பார்த்ததில், இப்படி இரண்டாவது தொற்று வந்த கொரோனா நோயாளிகளில் பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள். வாப்பா தப்பியது அல்லாஹ்வின் கிருபை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தக் கிருமியின் பெயரே இல்லை. விடாமல் நின்று சேர்க்க வைத்தோம், ஏனென்றால் குணமான பிறகும் குடலில் தங்கியிருக்கலாம், அடுத்த முறை அட்மிட் ஆகும்போது அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் பில்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன், பழைய ஆஸ்பத்திரியில் அந்த ஒரே கல்ச்சருக்கு இரண்டு முறை பணம் பிடித்திருக்கிறார்கள். அதற்கும் மனு கொடுத்தாயிற்று. இந்தத் தடவை பதிவுத் தபாலில்.